இறங்குகிறவர்களின் எடை

ஜெசிந்தாவின் காருக்கு வாய் கிடையாது. சார்ஜ் போடுகிற ஓட்டை எதுவும் வைக்காமல்தான் அதைச் செய்து அனுப்பியிருந்தார்கள். புலியடிமலைச் சாலையில் ஓடும் மூன்று கார்களும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கும்போது சக்கரம் சுற்றுகிற சுற்றில் மின்சாரம் உண்டாகி பேட்டரிக்குப் போகும். ஏறும்போது அந்த மின்சாரத்தை வைத்துத்தான் ஏற வேண்டும். மிச்சம் இருந்தால் அடிவார டிப்போவில் தரைக்கு அடியில் புதைத்திருந்த பெரிய பேட்டரிக்குப் போய்ச் சேரும். அதற்குத் தொட்டி என்று பெயர். தொட்டியின் மேல் காரை நிறுத்தினால் கம்பியில்லாமலே கொடுக்கல் வாங்கல் நடந்துவிடும்.

காட்டுக்குள் மின்கம்பி இழுக்கக் கூடாது, டீசல் வண்டி நுழையக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, மலைச்சாலை வாரியத்து மூளைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு இது. கனமாக இறங்கு, லேசாக ஏறு, வெளியிலிருந்து ஒரு யூனிட்கூட வாங்காதே. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சையும் பலாவும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கிய காலத்தில் நடைமுறையிலும் நன்றாகவே இருந்தது.

யார் எப்போது ஏறலாம் என்று முடிவு செய்வது சமன். அது ஒரு கணினி மூளை. மலை உச்சியிலும் அடிவாரத்திலும் கார் ஏறி நிற்கும் எடைத் தகடுகள்தான் அதற்குக் கண். ஆள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் அதற்கு முகம் தெரியாது, கிலோதான் தெரியும். இறங்கிய எடை போதுமென்றால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு. போதாதென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் கார் நகராது. டீக்கடை பாக்கியத்தக்கா இதற்குத் துலாபாரம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"கோயில்ல ஒரு தட்டுல பிள்ளைய உக்கார வச்சு மறுதட்டுல வெல்லம் வைப்பாகல்ல, அதேதேன். என்ன, இங்க சாமிக்குப் பதிலா பேட்டரி உக்காந்திருக்கு" என்பாள்.

ஜெசிந்தா அந்த மூன்று கார்களில் ஒன்றை ஓட்டுகிறவள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிரேக்கை மிதித்தால் வேகமெல்லாம் வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்லத் தூக்கினால் அதே வேகம் மின்சாரமாகி உள்ளே வரும். ஆகவே வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே அவள் கால் தானாக எழும்பிவிடும். ஏசி கிடையாது. ஏறும்போது ஜன்னல் திறக்கக் கூடாது, காற்று பிடித்து இழுக்கும். தினம் காலையில் டயர்க் காற்றைப் பார்த்த பிறகுதான் காபி. ஒரு மலைக்காரிக்கு இவ்வளவு கருமித்தனம் ஆகாது என்று அவள் கணவன் சவரிமுத்து கிண்டல் செய்வான். "உன் வண்டியில தும்முனாக்கூட ஒரு யூனிட் போயிரும் போல" என்பான்.

சவரிமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மலையில் இன்னும் ஐந்து பேருக்கு அதே நிலை. மருத்துவப் பயணிகள் என்று சமனில் பெயர் பதிந்திருந்த அந்த ஆறு பேரையும் வாரத்துக்கு மூன்று நாள் ஏற்றிக்கொண்டு ஜெசிந்தா கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மறுபடி மலை ஏற்றம்.

"சமனுக்கு ரொம்பப் பிடிச்ச பயணி நாந்தான்" என்று சவரிமுத்து பெருமையடித்துக்கொள்வான். "எறங்குறப்ப உடம்புல ரெண்டு கிலோ தண்ணி கூட. ஏறுறப்ப அந்த ரெண்டு கிலோ இல்ல. வாரத்துக்கு மூணு தடவ லாபம். என்னிய மாதிரி எல்லாப் பயலும் நோயாளியா இருந்தா தொட்டி பொங்கி வழியும்."

காருக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். ஜெசிந்தா மட்டும் சிரிப்பதில்லை. சுத்தம் செய்த ரத்தத்தோடு, இறங்கிப்போன பிரஷரோடு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறுவது என்னவென்று அவள் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிமுத்துவின் இதயம் இதைத் தாங்காது, இன்னும் சில மாதம்தான், கீழே குடிவந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கீழே குடிபோவதில் மலைக்காரர்களுக்கு ஒரு பயம் இருந்தது. போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. இறங்குகிறவனுக்குச் சமன் உடனே பச்சை காட்டும். திரும்பி ஏற வேண்டுமென்றால் அவன் எடைக்கு ஈடாக யாரோ எதையோ இறக்கியிருக்க வேண்டும். பிரசவத்துக்குப் போன பெண்கள் கைக்குழந்தையோடு டிப்போவில் வாரக்கணக்கில் காத்திருந்து, அலுத்து, அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார்கள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. திரும்பி வருவதற்குத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பதினான்காம் வளைவில் சவரிமுத்துவுக்குக் கண் சொருகியது. ஜெசிந்தா வண்டியை நிறுத்தினாள். ஏற்றத்தில் நிறுத்துவதைப்போன்ற வீண்செலவு வேறு கிடையாது; நின்ற வண்டியை மறுபடி கிளப்ப எக்கச்சக்கமாக இழுக்கும்.

"தேவையற்ற நிறுத்தம்" என்றது காரின் குரல், மிக மரியாதையாக.

"நீ வாய மூடு" என்றாள் ஜெசிந்தா. சவரிமுத்துவைச் சாய்த்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்தான்.

கிளப்பப் போனால் சிவப்பு விளக்கு. நின்றதால் போன மின்சாரத்துக்கு ஈடாக எடையைக் குறைக்கச் சொன்னது கார். ஆறு நோயாளிகளில் யாரை இறக்குவது? ஏழாவதாக இருந்தவள் சந்தைக்குப் போய்விட்டு வந்த பாக்கியத்தக்கா. அவள் கதவைத் திறந்து இறங்கிச் சேலையை இடுப்பில் சொருகினாள்.

"எனக்குக் கால் இருக்கு. நீ போ தாயி."

பச்சை எரிந்தது. கண்ணாடியில் பாக்கியத்தக்கா வளைவைத் தாண்டி நடந்து வருவது தெரிந்தது. ஆறு பேர் வாரம் மூன்று தடவை இறங்கி ஏறுவதைவிட ஒரு மெஷின் ஒரே ஒரு தடவை மேலே ஏறிவிட்டால் போதுமே என்று ஜெசிந்தாவுக்கு அந்த இடத்தில்தான் தோன்றியது. தோன்றியதை விடுகிற ஆள் இல்லை அவள்.

மலையில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. கூரையில் சோலார் பலகை இருந்தது. பூரணி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். டயாலிசிஸ் வேலை தெரிந்தவள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் ஏறாத மாடி இல்லை, பார்க்காத ஆள் இல்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தபோது மெஷின் கிடைத்துவிட்டது. தண்ணீர் சுத்தம் பண்ணும் பகுதியும் சேர்ந்து ஒரே பெட்டியாக, அடிவார டிப்போவில் வந்து இறங்கியது.

டிப்போ இன்ஜினியர் ரஹமத்துல்லா பெட்டியைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது நாலு குவிண்டாலுக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு ஆளு எடை இருக்கும். வண்டி தாங்கிரும், தொட்டி தாங்காது. இந்த வருஷம் எலுமிச்ச இல்ல, பலா இல்ல. தொட்டி அடியில கெடக்கு."

"பிரிச்சு கொஞ்சங்கொஞ்சமா கொண்டுபோனா?"

"பிரிச்சா திரும்பச் சேக்க கம்பெனி ஆள்தான் வரணும். அவர் ஏறவும் எடை வேணுமே."

"பழைய ஒத்தையடிப் பாதையில ஆம்பளைக தூக்கிட்டுப் போயிட்டா?"

"கயிறு பிடிச்சு ஏறுற எடம் ரெண்டு இருக்குல்ல. இது கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக்கா. ஒரு தடவ கீழ விழுந்தா அம்புட்டுத்தான்." ரஹமத்துல்லா குரலைத் தாழ்த்தினான். "ஞாயித்துக்கெழமைக்குள்ள மேல போகலன்னா வேற ஊருக்குக் குடுத்துருவாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லிட்டாங்க."

"தம்பி, கல்லு மூட்டைய எறக்குனா தொட்டி ரொம்பாதா?"

"பக்கத்து மலையில அதத்தான் பண்ணுனாங்க. பாறைய ஒடச்சு ஒடச்சு எறக்கி, மலையே கரையப் பாத்துச்சு. அப்புறந்தான் பயனுள்ள சரக்கு மட்டுந்தான்னு விதி போட்டாங்க. சரக்க மட்டும் கேமரா பாக்கும். வெறுங்கல்லா இருந்தா எடையில சேக்காது."

"அம்மிக்கல்லு?"

ரஹமத்துல்லா அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கணினியில் சரக்கு வகைகளைத் தேடினான். வீட்டுச் சாமான் என்ற தலைப்பின் கீழ் அம்மி, ஆட்டுக்கல், உரல், பித்தளை அண்டா, இரும்பு பீரோ எல்லாம் இருந்தன. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அது கல்லு இல்லக்கா. அது சாமான்."

புலியடிமலையில் சீர் கொடுப்பதில் குறை வைக்க மாட்டார்கள். கீழேயிருந்து பெண் எடுத்தால் அவள் தாய்மாமனோ அண்ணனோ ஆட்டுக்கல்லிலிருந்து பீரோ வரை சுமந்து வந்து இறக்கினால்தான் அவனுக்கு மரியாதை. மிக்சி வந்து, கிரைண்டர் வந்து, அதுவும் பழசான பிறகும்கூட ஆட்டுக்கல் சீர் நிற்கவில்லை. பெருமைக்கென்று வந்த கற்களில் யாரும் ஒரு பருக்கை அரைத்ததில்லை. கொல்லைப்புறத்தில் கோழி உட்கார்ந்திருக்கும்.

ஜெசிந்தா வீடு வீடாகப் போனாள். பாக்கியத்தக்கா முதல் ஆளாகத் தன் ஆட்டுக்கல்லை உருட்டி வந்தாள்.

"எங்கண்ணன் குடுத்தது. இத மேல கொண்டாற ஏழு ஆளு, ரெண்டு நாளு. பெரிய மனுசன்னு காட்டிக்கிட்டான். இன்னைக்குத்தேன் இது ஒரு நல்ல காரியத்துக்கு ஆகுது" என்றாள்.

மூன்று கார்களும் ஓடின. அண்டாக்கள், குத்துவிளக்குகள், கால் ஆடும் கட்டில், பூட்டு திறக்காத பீரோக்கள், பெயர் பொறித்த குடங்கள். கீழே ரஹமத்துல்லா டிப்போ ஷெட்டில் அடுக்கி வைத்தான். கல்யாண மண்டபம் போல இருக்கிறது, மாப்பிள்ளைதான் இல்லை என்றான் சவரிமுத்து. தொட்டியின் அளவு ஏறிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை மத்தியானம், டயாலிசிஸ் முடிந்த ஆறு பேரோடு ஜெசிந்தா டிப்போவுக்கு வந்தபோது தொட்டி நிறைந்திருந்தது. மெஷினை ஏற்றலாம் என்று பெட்டிக்குக் கயிறு கட்டப் போனார்கள்.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. டிப்போத் திரையில் சமனின் அறிவிப்பு வந்தது. ரஹமத்துல்லா படித்தான், குரல் இறங்கிக்கொண்டே போனது.

"புலியடிமலையில் குடிபெயர்வு நிறைவுற்றது. இனி பயணிகளுக்கும் சரக்குக்கும் ஏற்ற அனுமதி இல்லை. எஞ்சிய பொருள்களை இறக்க, காலி வாகனம் மட்டும் மேலே செல்லலாம். மாநிலத்திலேயே மிகச் சிறந்த ஆற்றல் சிக்கனத்துக்காக ஓட்டுநர்களுக்குப் பாராட்டுகள்."

பாராட்டு வேறு!

"என்ன தம்பி சொல்லுது இது?"

"எல்லாரும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சிருச்சுக்கா. வீட்டுச் சாமான் பூரா எறங்கிருச்சுல்ல." ரஹமத்துல்லா நெற்றியில் அடித்துக்கொண்டான். "எனக்குத் தோணியிருக்கணும். அம்மி எறங்குதுன்னா பொம்பள எறங்கிட்டான்னுதான அதுக்கு அர்த்தம்."

"நாங்க இருக்கோம்னு நீங்க எழுதுங்க."

"எழுதிட்டேன். வாரியத்துல பாத்து முடிவு சொல்ல ஒன்றரை மாசமாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதைவிட அவசரமான ஒன்றும் இருந்தது. ஆறு நோயாளிகளும் இப்போது கீழே இருக்கிறார்கள். ஏற அனுமதி இல்லை. சவரிமுத்து டிப்போ பெஞ்சில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அவனை மலையிலேயே வைத்துக்கொள்ளப் பாடுபட்டு, ஜெசிந்தாவே அவனைக் கீழே தள்ளிவிட்டாள். அழுகை வந்தது. அழுதாள், கொஞ்ச நேரம், காரின் பின்பக்கமாகப் போய் நின்று. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரஹமத்துல்லாவிடம் வந்தாள்.

"நாங்க இருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும்க்கா. எடை. மேல இருந்து ஆளு எறங்குனா மேல ஆளு இருக்குன்னு ஒத்துக்கும். வேற வழியில்ல."

"எறங்குனவுக எப்படித் திரும்பி ஏறுவாக?"

"அதான அனுமதி இல்லையே."

"கார்லதான இல்ல" என்றாள் ஜெசிந்தா.

ரஹமத்துல்லாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "ஒத்தையடிப் பாதைய அது பாக்காது" என்றான் மெதுவாக. "அங்க எடைத் தகடு இல்ல."

ஆறு பேரையும் ரஹமத்துல்லா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் மனைவி கூடத்தில் பாய் விரித்தாள். ஜெசிந்தா கிளம்பும்போது சவரிமுத்து அவள் கையைப் பிடித்தான்.

"எனக்காகவா இம்புட்டுப் பேரையும் நடக்க வைக்கப் போற? வேணாம்மா. நாம இங்கிட்டே இருந்துக்கிருவோம்."

"ஒங்களுக்காக மட்டும்னு யாரு சொன்னா? மலையே காலின்னு எழுதி வச்சிருக்கான். நான் உசுரோட இருக்கறப்ப எனக்கே பாராட்டு அனுப்புறான். சும்மா விடுவேனா?" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும், அப்போது சிவந்திருந்தது.

காலி வண்டியோடு ஏறினாள். சமன் ஆட்சேபிக்கவில்லை, மிச்சச் சாமானை இறக்கப் போகிறாள் என்று அதற்கு நினைப்பு. அன்று சாயங்காலமே தேவாலய மணியை அடிக்கச் சொன்னாள். ஊர் கூடியது. அவள் சொல்லி முடித்ததும் எல்லோரும் பாதை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்தையடிப் பாதை என்றால் செங்குத்து. மூச்சுப் பிடித்து ஏறினாலும் நாலு மணி நேரம். பாதையில் நடந்து எத்தனையோ வருஷமாகி, லண்டானா முள்புதர் மண்டிக் கிடந்தது.

"கார்ல எறங்கி, கால்ல ஏறணும். அம்புட்டுத்தான" என்றாள் பாக்கியத்தக்கா. "எறங்குறப்ப உக்காந்துதான போறோம், பாதி கஷ்டம் கழிஞ்சிரும்."

யாரோ சிரித்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று கார்களும் நிறைய ஆட்களோடு இறங்கின. அடிவாரத்தில் எடைத் தகட்டைத் தாண்டியதும் எல்லோரும் இறங்கி, ரஹமத்துல்லாவின் மனைவி வைத்திருந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, அரிவாளோடு முன்னால் போன இளவட்டங்கள் வெட்டிய வழியில் ஏறத் தொடங்கினார்கள். கார்கள் காலியாக மேலே போய் அடுத்த கூட்டத்தை இறக்கின. ஜெசிந்தா அத்தனை கவனமாக அதற்கு முன் ஓட்டியதில்லை. ஒரு தடவைகூட பிரேக்கைத் தொடவில்லை. இந்த மின்சாரம் யாருடைய முழங்காலிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை முந்தின நாள் நடந்தவர்களே மறுபடி வந்தார்கள். காலில் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றிக்கொண்டு. வாத்தியார் வந்தார். தேவாலய மணியடிக்கிற கோயில்குட்டி வந்தார். மூட்டுவலிக்காரிகள், ஏற முடியாதவர்கள், அவர்களும் வருவோம் என்று அடம்பிடிக்க, ஜெசிந்தா மிரட்டித் திருப்பி அனுப்பினாள். பாக்கியத்தக்காவை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை. அவள் டீக்கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாளில் மூன்று தடவை இறங்கினாள்.

இதில் சமன் குழம்பிப்போனது. காலியான மலையிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை, ஆனாலும் தீரவில்லை. ஏறாமலே இறங்குகிறவன் மேலேயே பிறந்து வளர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும், இதுவரை கணக்கில் வராத புது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. சனிக்கிழமை மாலை ரஹமத்துல்லா திரையைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! ஒங்க மலையில நாலு மடங்கு ஜனம் இருக்காம்! மக்கள்தொகையத் திருத்திருச்சு. புலியடிமலை இப்ப சிறப்புக் கவன மலை. ஏத்தம் தெறந்தாச்சு!"

பச்சை விளக்கு எரிந்தது. ஜெசிந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெஷினை ஏற்றினார்கள். ஓட்டுகிறவளைத் தவிர ஒல்லியாக ஒரு ஆள் மட்டும் வரலாம் என்றான் ரஹமத்துல்லா. அன்று காலையில்தான் டயாலிசிஸ் முடித்திருந்த சவரிமுத்து, முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னைக்கு என்னியவிட லேசான ஆளு யாரு இருக்கா?" என்றான்.

மற்ற ஐந்து பேரும் அடுத்த காரில் வந்தார்கள். பதினான்காம் வளைவில் சவரிமுத்துவுக்கு மறுபடி தலை சுற்றியது. ஜெசிந்தா நிறுத்தினாள். "தேவையற்ற நிறுத்தம்" என்றது கார். நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, அவன் கண் தெளியும்வரை காத்திருந்து, நிதானமாகக் கிளப்பினாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. ஒத்தையடிப் பாதை சாலையைக் குறுக்கே கடக்கும் மேல் வளைவு ஒன்றில் கடைசிக் கூட்டம் கம்பு ஊன்றி நடந்து போய்க்கொண்டிருந்தது. கார் தாண்டிப் போனபோது அவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று கம்பைத் தூக்கிக் காட்டினார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு மழைக்காலம் வந்து போனது. எலுமிச்சை பிழைத்தது. சவரிமுத்துவின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்து, அவன் வாய் முன்னைவிட நீண்டிருந்தது. ஆட்டுக்கற்கள் இன்னும் டிப்போ ஷெட்டில்தான் கிடந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், சுகாதார நிலையத்தில் சவரிமுத்துவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது, ஜெசிந்தா ஒரு தாளோடு வந்தாள். காரில் வந்த செய்தியை அச்செடுத்திருந்தாள். அவள் முகம் சரியில்லாததைப் பார்த்து நர்ஸ் பூரணி வாங்கிப் படித்தாள்.

"மருத்துவப் பயணிகள் ஆறு பேர் நூற்றெண்பது நாள்களாக இறங்கவில்லை. அவர்கள் மறைந்துவிட்டதாகப் பதிவு செய்யப்படுகிறது. சவரிமுத்து அவர்களின் குடும்பத்தாருக்குச் சமன் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அன்னாரின் ஏற்ற அனுமதி ரத்து செய்யப்பட்டுள்ளது."

சவரிமுத்து குழாய் மாட்டிய கையை அசைக்காமல், உடம்பு குலுங்கச் சிரித்தான். "அடப்பாவி. வாரம் மூணு தடவ எறங்குறப்ப நான் செத்துக்கிட்டிருந்தேன், அப்ப ஒரு வார்த்த விசாரிக்கல. இப்ப பிழைச்சதுக்கு எழவு சொல்லி அனுப்புறான்."

"சிரிக்காதீங்க. ரஹமத் தம்பிகிட்ட பேசிட்டேன். திருத்திரலாமாம். நீங்க ஒரே ஒரு தடவ கார்ல கீழ எறங்குனாப் போதுமாம்."

"எதுக்கு?"

"உசுரோட இருக்கீங்கன்னு அதுக்குத் தெரிய."

சவரிமுத்து கூரையைப் பார்த்தபடி யோசித்தான். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மூட்டைகள் காரில் ஏறிக்கொண்டிருந்தன.

"நான் செத்துட்டேன்னே இருக்கட்டும்" என்றான். "செத்தவனுக்குத்தான் எறங்குற வேலை இல்ல."

ஜெசிந்தா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மெஷின் நின்றது. பூரணி குழாய்களைக் கழற்றி, அவனை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினாள். வந்தபோது இருந்ததைவிட இரண்டு கிலோ குறைந்திருந்தது.

"இந்த ரெண்டு கிலோ இப்ப யாரு கணக்குல போகும்?" என்று கேட்டான் சவரிமுத்து.

"யாரு கணக்குலயும் போகாது" என்றாள் ஜெசிந்தா. "செருப்பப் போடுங்க. வீட்டுக்கு நடப்போம்."